வாய் சூடாகட்டும்

விடியும்போது மைனஸ் பதினேழு.
நாரின் ஆறு உறைந்து கிடந்தது,
நடுவில் மட்டும் கறுப்பாய் ஒரு கோடு ஓடியது.
கூரைமேல் சோலார் தகடு
அதற்குள் வெயில் குடிக்கத் தொடங்கிவிட்டது.

ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.
ராத்திரி பேட்டரியைக் கொட்டகையிலேயே
விட்டுவிட்டு வந்திருக்கிறான் கனிமெத்.
ஆடுகள் ஈனுகிற மாதம், விளக்கு வேண்டுமாம்.
விளக்கு எரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
இந்த ஜாதி பேட்டரி உறைபனியிலும் கொடுக்கும்.
வாங்கத்தான் முடியாது.
பூஜ்யத்துக்குக் கீழே போன உடம்பில் மின்சாரம் ஏற்றினால்
லித்தியம் உள்ளே போகாது,
வாசலிலேயே உலோகமாய்ப் படியும்.
வெளியே ஒரு வீக்கம்கூட இருக்காது.
கனிமெத்தும் அப்படித்தான்,
கேட்டவனுக்கெல்லாம் வைக்கோல் கொடுப்பான்,
ஒரு நல்ல வார்த்தையை வாங்கிக்கொள்ளத் தெரியாது.

போன வருடம் ஒன்றை இப்படிக் கொன்றோம்.
சந்தைக் கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்:
"காவல் அட்டை சரியில்லாததை ஏன் வாங்கினாய்?"
விற்றவனே அவன்தான்.
புதியதில் நல்ல அட்டை இருக்கிறதாம்,
குளிர் வந்தால் தானே கதவைச் சாத்திவிடுமாம்.
இருக்கலாம்.
எங்களிடம் நாயும் இருக்கிறது.
ஓநாய் வந்த ராத்திரி அது தூங்கியது.

தூக்குவதற்குமுன் வெள்ளிக் காப்பைக் கழற்றினேன்.
கனிமெத்தின் மோதிர விரலில் மோதிரம் இல்லை,
அதன் தழும்பு இருக்கிறது.
ஒரு முனையில் ஸ்பானர், மறுமுனையில் மோதிரம்,
இடையில் அவன்.
வெள்ளையாய் ஒரு நொடி.
அதற்குப் பிறகுதான் ஸ்பானர் பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றினோம்,
முனைகளுக்கு ரப்பர் தொப்பி போட்டோம்,
ப்யூஸ் வாங்கினோம்.
பக்கத்து மேய்ச்சல்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்:
சைராகுலை அவன் விட்டுவிட்டானாம்,
மோதிரத்தைக் காணோமே.

பன்னிரண்டு கிலோவை மார்போடு அணைத்து
வீட்டுக்குள் நுழைந்தால்
அங்கே அவன் மார்பில் இன்னொன்று.
ராத்திரி பிறந்தது, தாய் திரும்பிப் பார்க்காதது,
நக்கப்படாத ஈரம் பனியாகிவிட்ட குட்டி.
எனக்குப் பதறியது. பால்புட்டியைத் தேடினேன்.
அவன் அசையவில்லை.
குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான்,
அந்தத் தழும்பு விரலை.
"கிணற்றுக்கல் மாதிரி இருக்கிறது," என்றான்.
"இப்போது பால் கொடுத்தால் செத்துப்போகும்.
வாய் சூடாகட்டும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
குட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்படிக்கு எடுத்துப்போனான்.
பெட்டியை எதிர்ச்சுவரோரம் பலகைமேல் வைத்தேன்.
அடுப்புக்கு ஒட்டினால் இதற்கு அதுவும் ஆகாது.
சாணவறட்டி புகைந்தது.
அவன் குட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.
இதற்குத் தேய்ப்பும் கிடையாது,
காத்திருப்பதுதான்.

ஒன்பது மணிக்குச் சன்னல் முழுக்க வெயில்.
அவனால் பொறுக்க முடியவில்லை.
"அவ்வளவும் வீணாகிறது. சொருகவா?"
வயர் அவன் கையில்.
பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
"வாய் இன்னும் சூடாகவில்லை," என்றேன்.

வயரைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான்.
மறுபடி வயரை.
பிறகு அதைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்,
கொட்டகைப் பக்கம் போய்
வேண்டாத ஒரு வேலையை வெகுநேரம் செய்தான்.

குட்டி முந்திக்கொண்டது.
பதினொன்றரைக்கு அவன் விரலைச் சப்பியது.
பெட்டியின் உள்வெப்பம் ஏழு காட்டியபோது மணி இரண்டு.
சொருகினேன்.
ஒன்பது ஆம்பியர் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.
வோல்ட் எண்ணை நான் நம்புவதில்லை.
அரைவயிறானாலும் முக்கால்வயிறானாலும்
அதே பதின்மூன்றைத்தான் சொல்லும்,
விருந்துக்கு வந்த கூச்சக்காரன் மாதிரி.

குட்டி எழுந்தது, விழுந்தது, எழுந்தது.
நாலு கால் வைத்து எதிர்ச்சுவர்வரை நடந்தது.
பலகைக்குப் பக்கத்தில் நின்று
வயிறார மூத்திரம் பெய்தது.

கனிமெத் சிரித்தான்.
நான் வயரைப் பிடுங்கி,
பெட்டியை இன்னும் ஒரு முழம் உயரத்தில் வைத்து,
மறுபடி சொருகினேன்.